இடக்கரடக்கலை விற்பவர்கள்

இலக்கியச் சஞ்சிகை ஒன்றிலே பெண்ணின் சிறுநீர்க் கசிவைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று கூறிவிடுதல் நன்று. 1960-களிலே நமது எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, ‘இழிசினர் இலக்கியம்’ என்ற வசையைப் பண்டிதர் சிலர் அவர்கள்மீது வீசினர். அந்த வசைக்கு அஞ்சி நமது எழுத்தாளர்கள் பேனாவை மூடி வைத்துவிடவில்லை. அன்று மொழியிலே இழிவு கற்பித்தவர்களுக்கும் இன்று உடலிலே இழிவு கற்பிப்பவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு எதனையும் நாம் காணவில்லை. கவலைக்குரிய விடயம் யாதெனில், அன்றைய வசையை எதிர்த்து நின்ற முகாமிலேயே இன்று முகஞ்சுளிப்போர் மலிந்துவிட்டனர் என்பதே. உழைக்கும் பெண்ணின் வியர்வையைப் பற்றி இவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவளது கண்ணீரைப் பற்றி எழுதாத இதழே இல்லை. உடலிலிருந்து வெளியேறும் நீர்களுள் இரண்டுக்கு இலக்கிய அந்தஸ்து வழங்கிவிட்டு மூன்றாவதைத் தீட்டென்று ஒதுக்கும் அழகியல் எந்தத் தத்துவத்திலிருந்து பெறப்பட்டதோ நாமறியோம்.

விடயத்துக்கு வருவோம். முன்புறத்து இடுப்பென்பிலிருந்து பின்புறத்து வாலென்பு வரை ஊஞ்சற் சீலைபோலப் பரந்து கிடக்கும் தசைத்தொகுதி ஒன்று மனித உடலிலே உண்டு. பெண்ணுக்குச் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அடியிலிருந்து தாங்குவது அதுவே. கூபகத் தளத் தசைகள் என்று மருத்துவத் தமிழிலே கூறுவர். பிரசவத்தின்போது குழந்தையின் தலை வெளிவரும் வழி இத்தசைகளின் ஊடாகவே செல்வதால், இவை தமது இயல்பான நீளத்தினும் பன்மடங்கு இழுபடுகின்றன. சில வேளைகளிலே கிழிபடுவதும் உண்டு. நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் ஓயாது பாரந்தூக்குதலும் மாதவிடாய் நின்ற பின்னர் ஏற்படும் மாற்றங்களும் அந்தத் தளர்வை மேலும் வளர்க்கின்றன. விளைவு, இருமினால், தும்மினால், சிரித்தால், தண்ணீர்க்குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. இன்னும் முற்றினால் கருப்பையே கீழிறங்குகிறது. இவ்வளவும் இலட்சக்கணக்கான பெண்களின் அன்றாட வாழ்க்கை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பேசுவதற்கு மொழியையும் இடத்தையும் நாம் கொடுக்கவில்லை.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. தளர்ந்த தசையை இறுக்கித் தளர்த்திப் பயிற்றினால் அது மீண்டும் வலுப்பெறும். 1936-இலேயே மார்கரெட் மொரிஸ் என்ற ஆங்கில நடனக் கலைஞர், பிரசவத்தின் பின்னர் செய்யவேண்டிய தேகப்பயிற்சிகளைப் பற்றிய நூலிலே இம்முறையைக் கூறியிருந்தார். எனினும் 1948-இலே அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கேகல் அதை மருத்துவச் சஞ்சிகையிலே எழுதிய பின்பே உலகம் அதைக் கவனித்தது. பயிற்சிக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு பெண் சொன்னபோது தேகப்பயிற்சியாக இருந்தது, ஓர் ஆண் சொன்னபோது விஞ்ஞானமாயிற்று. இது இங்கு தற்செயலாக வந்து விழுந்த செய்தி. ஆயினும் விட்டுவிட மனமில்லை.

இப்பயிற்சியின் பயன் ஊகத்தைச் சார்ந்ததன்று. 2018-இலே வெளியான கொக்ரேன் மீளாய்வு 31 பரிசோதனைகளிலே பங்குபற்றிய 1,817 பெண்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தது. இருமல், தும்மல், பாரந்தூக்கல் ஆகியவற்றின்போது சிறுநீர் கசியும் பெண்களுள், பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்துவிட்டதாகக் கூறினர். பயிற்சி பெறாதவர்களில் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு 6 பேர் மாத்திரமே. மருந்தில்லை, கத்தியில்லை, செலவில்லை. இத்தகைய ஒரு பரிகாரம் ஆண்களின் நோய் ஒன்றுக்கு இருந்திருக்குமாயின் அது சந்திக்குச் சந்தி சுவரொட்டியாகத் தொங்கியிருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இத்தகைய பொதுச் சொத்தொன்றின் வாசலிலேதான் இப்பொழுது கைத்தொலைபேசிச் செயலிகள் வந்து நிற்கின்றன. அவற்றின் அமைப்பு எளியது. திரையிலே ஒரு கோடு மேலெழும். எழும்போது இறுக்கவேண்டும், தாழும்போது தளர்த்தவேண்டும். நாளுக்கு மூன்று முறை அது மணியடித்து நினைவூட்டும். செய்த நாட்களை வரைபாக்கிக் காட்டும். பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த இயன்மருத்துவர்கள் துணைநின்று உருவாக்கிய ‘ஸ்குவீஸி’ இவ்வகையைச் சேர்ந்தது. சுவீடனின் ஊமியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘டேத்’ என்ற செயலியை உருவாக்கிப் பரிசோதித்தனர். 2017-இலே வெளிவந்த அப்பரிசோதனையிலே 123 பெண்கள் பங்குபற்றினர். மூன்று மாதங்களின் பின்னர், செயலியைப் பயன்படுத்தியோரின் கசிவு மற்றோரைக் காட்டிலும் தெளிவாகக் குறைந்திருந்தது. இதை நாம் மறுக்கவில்லை. இயந்திரத்தைக் கண்டதும் கல்லெறிவது நமது வேலையன்று. பல்கலைக்கழகமொன்று ஆராய்ந்து, பலன் இன்னதென்று வெளியிட்டு, இலவசமாகக் கொடுக்கும் கருவிக்கு எதிராக நாம் பேனா பிடிக்கவேண்டிய அவசியமுமில்லை.

நமது வழக்கு வேறு. செயலியைக் கொடுத்தாயிற்று, ஆகவே கடமை முடிந்தது என்று கருதும் மனோபாவத்தின் மீதும், வெட்கத்தை விலைபேசும் வியாபாரத்தின் மீதுமே நாம் குற்றஞ்சாட்டுகின்றோம்.

முதலாவதைப் பார்ப்போம். இத்தசைகள் கண்ணுக்குத் தெரியாதவை. கையை மடக்கினால் புயம் திரள்வதைக் காணலாம். இங்கு காண்பதற்கு ஒன்றுமில்லை. 1991-இலே அமெரிக்க ஆய்வாளர்கள் 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாக விளக்கிவிட்டு, அவர்கள் செய்வதை அளந்து பார்த்தனர். சரிவரச் செய்தோர் பாதிப்பேர் மாத்திரமே. நாலில் ஒருவர், உள்ளிழுப்பதற்குப் பதிலாக வெளியே முக்கினர். அதாவது கசிவைத் தடுப்பதற்கு மாறாக அதை வளர்க்கும் முறையிலே செய்தனர். வெறுந்திரையைக் கொண்ட செயலிக்கு இது எவ்வாறு தெரியும்? தவறாக முக்கும் பெண்ணுக்கும் அது நாளுக்கு மூன்று முறை மணியடிக்கும்; மூன்று மாதம் முடிந்ததும் பாராட்டும் தெரிவிக்கும். இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2019-இலே வெளியிட்ட வழிகாட்டி, குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியையே முதற் பரிகாரமாக வைத்தது. பயிற்சிக்கு முன் அத்தசை சுருங்குகிறதா என்று கையாற் பரிசோதிக்கவேண்டும் என்றும் கூறியது. மேற்பார்வை என்ற சொல்லையே இங்கு அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புகின்றோம். தொட்டுப் பார்த்து, ‘இல்லைப் பிள்ளை, வயிற்றை இறுக்குகிறாய், இன்னும் கீழே’ என்று திருத்துவதற்கு ஒரு மனிதப் பிறவி வேண்டும்.

அந்த மனிதப் பிறவிக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதிலேதான் இடர் தொடங்குகிறது. பிரான்சிலே 1985 தொடக்கம், பிரசவத்தின் பின்னர் இத்தசைகளுக்கான மறுபயிற்சியைச் சமூகக் காப்புறுதியின் செலவிலே பெண்கள் பெற்றுவருகின்றனர். மருத்துவமாதோ இயன்மருத்துவரோ முன்னிருந்து கற்பிப்பார். அங்கு அது உரிமை. இங்கிலாந்திலோ, 2022-இலே வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் நிரல் 70 இலட்சத்தைத் தாண்டியது. நிரல் நீளுந்தோறும் செயலியின் புகழும் ஓங்குவது தற்செயலாகுமா? ஆளணியைக் குறைக்கும் அரசுக்குச் செயலியைப்போல வாய்ப்பான ஊழியர் வேறு கிடைக்கார். அது ஓய்வூதியம் கேட்பதில்லை, வேலைநிறுத்தம் செய்வதில்லை.

பயிற்சியை ஒழுங்காகக் கொடுக்காதவிடத்து என்ன நிகழும் என்பதற்கும் அதே நாட்டிலே சான்று உண்டு. கசிவுக்கும் கருப்பை இறக்கத்துக்கும் பிளாஸ்டிக் வலையை உடலுள்ளே வைத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை அங்கு பல்லாண்டுகளாகப் பெருகியது. பல பெண்களுக்கு அவ்வலை தசையை அறுத்துத் தீராத வேதனையைத் தந்தது. 2018 ஜூலையிலே அச்சிகிச்சையை இடைநிறுத்தினர். 2020-இலே கம்பர்லெஜ் சீமாட்டியின் தலைமையிலான விசாரணை, அப்பெண்கள் முறையிட்டபோது அவர்களுக்குச் செவிசாய்க்கப்படவில்லை என்று கண்டது. அமெரிக்காவிலும் 2019-இலே, கருப்பை இறக்கத்துக்காகப் பெண்ணுறுப்பின் வழியே வைக்கும் வலைகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. தசையைப் பயிற்றுவதிலே கம்பனிகளுக்கு இலாபமில்லை, வலையை விற்பதிலே இலாபமுண்டு என்ற சாதாரணக் கணக்கை இதிலிருந்து எவரும் வாசித்துக்கொள்ளலாம்.

இனி வெட்கத்தை விலைபேசுவோரைப் பற்றி. இங்குதான் தமிழிலக்கணம் கற்ற எமக்குச் சிறிது பேச அதிகாரமுண்டு.

சபையிலே சொல்லத் தகாதது என்று கருதப்படும் ஒன்றைப் பிறிதொரு சொல்லாலே மறைத்துக் கூறுவதை இடக்கரடக்கல் என்பர் நம் இலக்கணிகள். தகுதி வழக்கின் வகைகளுள் ஒன்று அது. ‘ஒன்றுக்குப் போதல்’, ‘வெளிக்குப் போதல்’ என்பவை நாம் நாள்தோறும் செய்யும் இடக்கரடக்கல்கள். பேச்சிலே அதற்கு ஓர் இடமுண்டு. அதை எவரும் குறைகூறார். ஆனால் இடக்கரடக்கலை ஒரு பண்டமாக்கிப் பொதிசெய்து விலைக்கு விற்கலாம் என்பதை நமது இலக்கணிகள் கனவிலும் எண்ணியிரார். இன்றைய சந்தை அதைச் செய்துவிட்டது. இவ்வகைச் செயலிகளின் விளம்பரங்களைப் பாருங்கள். சிறுநீர் என்ற சொல் அங்கு அருந்தலாகவே வரும். பூவிதழ் இருக்கும், நீர்த்துளி இருக்கும், தன்னம்பிக்கை என்ற சொல் இருக்கும். ‘எவருக்கும் தெரியாமல், எங்கிருந்தும் செய்யலாம்’ என்பதே அவற்றின் தலையாய வாக்குறுதி. எவருக்கும் தெரியாமல்! ஏன் எவருக்கும் தெரியக்கூடாது? வைத்தியருக்குத் தெரிந்தால் அவர் பரிசோதிப்பார். கணவனுக்குத் தெரிந்தால் தண்ணீர்க்குடத்தை அவன் தூக்கலாம். மாமிக்குத் தெரிந்தால், தமக்கும் முப்பது வருடமாக அப்படித்தான் என்று அவர் வாய்திறக்கக்கூடும். தொழிற்சங்கத்துக்குத் தெரிந்தால் அது ஒரு கோரிக்கையாகும். இரகசியமாக இருக்கும் வரையிலேயே அது சந்தைக்குரிய சரக்கு. ஆகவே, வெட்கத்தை நீக்குவதாகச் சொல்லி வருபவருக்கு வெட்கம் நீங்காதிருப்பதிலேயே சீவியம்.

வலுவூட்டல் என்ற சொல்லையும் இங்கு குறிப்பிடாமலிருக்க முடியாது. தொண்டர் நிறுவனங்களின் கருத்தரங்குகளிலே தேய்ந்து தேய்ந்து பொருளிழந்த அந்தச் சொல்லுக்கு இச்செயலிகளாலே முதன்முறையாக நேர்ப்பொருள் கிடைத்திருக்கிறது. ஒரு தசை உண்மையிலேயே வலுப்பெறுகிறது. அந்த அளவிலே நாம் நன்றி கூறலாம்.

வியாபாரத்தின் இயல்புக்கு உதாரணம் ஒன்று. 2013-இலே இலண்டனிலே தொடங்கப்பட்ட எல்வி என்ற கம்பனி, உடலுள்ளே வைத்துச் செயலியோடு இணைத்துப் பயன்படுத்தும் சிறு கருவியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தசையை இறுக்கினால் திரையிலே மணிக்கல்லொன்று மேலெழும்பும். விலை 150 பவுண் அளவிலே. அமுக்கத்தை அளக்கும் கருவியொன்றைக் கேகல் 1948-இலேயே செய்துவிட்டார். புதிதாக வந்தது மணிக்கல் மாத்திரமே. மேற்பார்வைக்கு ஆளில்லாதவிடத்து அக்கருவி சிலருக்குத் துணையாயிருந்திருக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் 2025-இலே அக்கம்பனி கடனிலே தாழ்ந்து நிர்வாகிகளின் கைக்குப் போய், வில்லோ என்ற அமெரிக்கக் கம்பனிக்குக் கைமாறியது. ஒரு பெண்ணின் உடற்பயிற்சி முதலீட்டாளரின் ஐந்தொகையோடு பிணைக்கப்படுவதென்றால் இதுதான்.

அயல் வீட்டுச் செய்தியும் ஒன்றுண்டு. மாதவிடாய் நாட்களைக் குறித்துக்கொள்ளும் ‘புளோ’ என்ற செயலி, இரகசியத்தைக் காப்பதாக வாக்களித்துவிட்டுப் பெண்களின் விவரங்களை முகநூல் போன்ற கம்பனிகளுக்குக் கொடுத்ததென்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2021-இலே அவ்வழக்கு உடன்பாட்டிலே முடிந்தது. மாமிக்குத் தெரியக்கூடாதென்று மறைத்தது விளம்பரக்காரனுக்குத் தெரிந்துவிட்டது! இதைப் பற்றி மேலும் விரித்தல் வேண்டா.

உண்மையிலே மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கம்பனிகள் சந்தாவுக்கு விற்பதை இச்சஞ்சிகையின் ஒரு பந்திக்குள் அடக்கிவிடலாம். அமர்ந்தோ படுத்தோ, காற்றுப் பிரிவதை அடக்குவதுபோலவும் அதே வேளையிலே சிறுநீரை அடக்குவதுபோலவும் தசையை உள்நோக்கி மேலிழுக்கவேண்டும். தொடையையும் பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கலாகாது, மூச்சை அடக்கலாகாது. சில விநாடி நிறுத்தி, பின்னர் முழுமையாகத் தளர்த்தவேண்டும், தளர்த்துவதும் பயிற்சியே. எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். இருமல் வருமென்று தெரிந்தால், பாரந்தூக்கப் போவதாயின், அதற்கு முன்னரே இறுக்கிக்கொள்ளப் பழகவேண்டும். சிறுநீர் கழிக்கும்போது இடையிலே நிறுத்திப் பயிற்சி செய்தல் கூடாது. வலியுள்ளவர்களும், ஏதோ இறங்கி நிற்பதுபோல உணர்பவர்களும் முதலிலே வைத்தியரிடம் காட்டவேண்டும். இவ்வளவே. இதிலே ஆபாசம் எங்கே இருக்கிறது?

‘நம் பாட்டிமாருக்கு இதெல்லாம் இருந்ததா? அம்மியில் அரைத்தார்கள், குந்தியிருந்து வேலை செய்தார்கள், அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை’ என்று கூறும் பழமைவாதிகள் இங்கும் வந்து நிற்பர். நோய் இல்லாமலிருக்கவில்லை, நோயைச் சொல்லாமலிருந்தார்கள். எட்டும் பத்தும் பெற்ற பெண்கள், பிரசவித்த சில நாட்களிலேயே கிணற்றில் நீரிறைக்கப் போனவர்கள், இறங்கிய கருப்பையைச் சீலைத்துணியால் தாங்கிக்கொண்டே வயலிலும் அடுப்படியிலும் நின்றிருக்கிறார்கள். அந்த மௌனத்தை ஆரோக்கியமென்று வாசிப்பது, அடிமை வாய்திறவாததை அவனது திருப்திக்குச் சான்றாகக் காட்டுவதைப் போன்றது.

மறுபுறத்திலே, இது படித்த மத்தியதர வர்க்கப் பெண்களின் நாகரிகப் பிரச்சினை, உழைக்கும் வர்க்கத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்று கூறும் தோழர்களும் உளர். இவர்கள் தேயிலை மலைக்கு ஒருமுறை போய்வருதல் நன்று. சரிவிலே நின்று, தலையிலே மாட்டிய கயிற்றிலே கொழுந்துக் கூடையையோ பையையோ சுமந்து, பல தோட்டங்களிலே நாளொன்றுக்கு 18 கிலோ அளவிலே கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர் என்ற நிபந்தனையின் கீழ் வேலை செய்யும் பெண்ணுக்கு இத்தசைகள் இல்லையா? கொழுந்து மலையிலே மலசலகூடம் இல்லை. ஆகவே அவள் நீரருந்துவதைக் குறைக்கிறாள். நீர் குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் முக்கல், முக்கலால் அந்தத் தளம் மேலும் தளர்கிறது. சிறுநீர்ப்பாதைத் தொற்று வேறு. ஆடைத் தொழிற்சாலைகளிலே மலசலகூடத்துக்குப் போய்வரும் நேரங்கூடக் கணக்கிடப்படுகிறது என்பது தொழிற்சங்கங்கள் நெடுநாளாகக் கூறிவரும் முறைப்பாடு. பாடசாலைகளின் நிலையோ ஆசிரியைகள் அனைவருக்கும் தெரியும். ஏழரை மணிக்கு மணியடித்தால் ஒன்றரை வரை போவதற்கு ஓர் இடமில்லாதபடியால், காலைத் தேநீரைக்கூட அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் இருக்கிறார்கள். இத்தகைய பெண்ணின் கைத்தொலைபேசி, ‘இறுக்குவதற்கு நேரமாயிற்று’ என்று மணியடிக்கிறதாம். அவள் காலை தொடக்கம் இறுக்கிக்கொண்டுதானே நிற்கிறாள்!

இவ்விடத்திலேதான் செயலியின் எல்லை முழுமையாகத் தெரிகிறது. தசையின் தளர்ச்சியை அது அந்தப் பெண்ணின் தனிப்பட்ட குறையாகவும், பரிகாரத்தை அவளது தனிப்பட்ட முயற்சியாகவும் மாற்றிவிடுகிறது. பயிற்சியை விட்டால் குற்றம் அவளுடையது. வரைபிலே வெற்றிடம் அவளுடையது. பாரம் யார் சுமத்தியது, பிரசவத்தின் பின் எத்தனை நாளிலே வேலைக்குத் திரும்பினாள், போவதற்கு இடமிருந்ததா என்ற கேள்விகளுக்குத் திரையிலே இடமில்லை. இலங்கையிலே மூன்றாம் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்குரிய அளவு பிரசவ விடுப்பு என்பது தனியார் துறைப் பெண்களுக்கு 2018-ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின்பே கிடைத்தது. அதற்கு முன்னர், உடல் மிகுதியாகத் தளர்ந்திருக்கும் மூன்றாம் பேற்றுக்குக் குறைந்த ஓய்வு என்பதே சட்டமாயிருந்தது. எந்தச் செயலியும் இதை மாற்றியிராது.

நமது நாட்டிலே இதைச் செய்வதற்கு வேண்டிய அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நெஞ்சைக் குடையும் விடயம். 1926-இலே களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அவ்வழியிலே வளர்ந்த பொதுச் சுகாதார சேவையின் குடும்பநல மருத்துவமாது இன்றும் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிறார். 1996-இலே ‘சுகநல மகளிர் கிளினிக்’குகள் ஆரம்பிக்கப்பட்டன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் அங்கு பார்க்கிறார்கள். இலவசமாகப் பார்க்கிறார்கள். பல செல்வந்த நாடுகளிலே இல்லாத வரப்பிரசாதம் இது. உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற, இன்னும் பறிபோகாத உரிமை. அந்த மருத்துவமாது, ‘இருமும்போது கசிகிறதா, அம்மா?’ என்று ஒரு கேள்வி கேட்பதையும், பத்து நிமிடம் பயிற்சி சொல்லிக்கொடுப்பதையும், ஆறு வாரத்தின் பின்னர் சரிவரச் செய்கிறாளா என்று பார்ப்பதையும் எல்லாப் பிரிவுகளிலும் கட்டாயக் கடமையாக்குவதற்குக் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை. மருத்துவமாதருக்கு வேண்டிய பயிற்சியும், அவர்கள் தலையிலே ஏற்கெனவே கிடக்கும் பதிவேட்டுச் சுமையைக் குறைக்கக்கூடிய ஆளணியும் தேவை. கேட்கவேண்டியவர்கள் கேட்டால் இது கிடைக்கும். கேட்கவேண்டியவர்கள் முகஞ்சுளித்துக்கொண்டிருக்கிறார்கள். கசிவுக்குத் துண்டு வாங்கும் பெண்ணோ, 2024 ஜனவரி தொடக்கம் நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியின் காலத்திலே, தன் வெட்கத்துக்கு மாதாமாதம் விலைகொடுக்கிறாள்.

அந்த மருத்துவமாதின் கையிலே செயலி இருப்பதை நாம் வரவேற்போம். அவர் கற்பித்த பின்னர், மறவாதிருக்க நினைவூட்டுவதற்கு அது நல்ல பணியாள். அவருக்குப் பதிலாக அது வரக்கூடாது என்பதே நமது வாதம்.

இன்னுமொன்று. நாம் திறந்து பார்த்த செயலிகள் ஆங்கிலத்திலேதான் பேசின. இத்தகைய நுட்பமான உடற்செய்திகளைத் தமிழிலே சொல்வது கடினம், சொன்னாலும் விரசமாயிருக்கும் என்று நண்பர் சிலர் சமாதானம் கூறினர். இவர்கள் யாழ்ப்பாணத்துச் சரித்திரத்தை அறியாதவர்கள். 1847-இலே இங்கு வந்திறங்கிய அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழைக் கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் ‘பிரசவ வைத்தியம்’ 1857-இலே வெளிவந்தது. பெண்ணின் உடலுறுப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, பிறப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கும் நூல் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழிலே இருந்தது. அந்நிய தேசத்தான் ஒருவன் கூசாமல் எழுதியதை, தமிழ் எங்கள் உயிர் என்று மேடையிலே முழங்குவோர் கூசுகிறார்கள். கலைச்சொல்லாக்கத்துக்கென்று கூடும் மாநாடுகளிலே அணுவுக்கும் மின்னணுவுக்கும் சொல் தேடியாயிற்று. தாயின் கசிவுக்கு, அவள் கூசாமல் வைத்தியரிடம் சொல்லக்கூடிய ஒரு சொல்லை இன்னும் நாம் நிலைநாட்டவில்லை. ‘அதுதான்… அந்தப் பிரச்சினை’ என்று சொல்லிவிட்டு அவள் நிலத்தைப் பார்க்கிறாள். வைத்தியரோ அடுத்த சீட்டை அழைக்கிறார்.

பாடசாலையிலே சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்திலே இனப்பெருக்கத் தொகுதி என்ற அலகு வந்ததும், ‘இதை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர்கள் நம்மிடையே எத்தனை பேர்? வீட்டிலே அதை வாசிக்கும் பிள்ளை யாரிடம் சந்தேகம் கேட்கும்? கைத்தொலைபேசியிடம். விடை ஆங்கிலத்திலே வரும்; அதன் ஓரத்திலே விளம்பரமொன்றும் வரும். இந்த ஆண்டு அந்த அலகைப் படிப்பிக்கவிருக்கும் ஆசிரியர்கள், பக்கத்தைப் புரட்டாமல், கரும்பலகையிலே அந்த ஊஞ்சற் சீலையை வரைந்து, ஆண்பிள்ளைகளும் இருக்கும் வகுப்பிலேயே, அதன் பெயரைத் தமிழிலே எழுதுவார்களா?